கொவிட்டுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருகிற சனமே மாறிவிட்டதா?

வெள்ளவத்தை லொட்ஜ்காரன் | 2025 பெப்ரவரி 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ஒன்றுதான், ஆனால் கதை கொஞ்சம் நீளம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைக்குள் எங்களுக்கு ஒன்பது அறை லொட்ஜ் இருக்கிறது. அப்பா தொடங்கியது. அவர் காலத்திலிருந்தே வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு ஆட்கள். இப்போது கனடாவில் இருக்கிற தம்பி திருத்த வேலைக்குக் காசு போடுகிறேன் என்கிறான். ஆனால் ஒரு நிபந்தனை: அறைகளை உடைத்து மாடிக்கட்டில் போட்டு, முதுகுப்பையோடு திரிகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான ஹொஸ்டலாக மாற்ற வேண்டுமாம். "பக்கத்து நாட்டுச் சனம் எப்படியும் வரும்" என்று நான் சொன்னேன். "எங்கே வருகிறது? உங்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கோ அண்ணா" என்றான்.

திறந்து பார்த்தேன். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், ஊர் எல்லாம் எழுதுகிற பெரிய பதிவுப் புத்தகம். கடைசியில் "வந்த நோக்கம்" என்று அப்பா தன் கையால் கோடு போட்டு வைத்த நிரல் ஒன்று உண்டு. 2020 பெப்ரவரிப் பக்கத்தில் அந்த நிரலை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தேன். கல்யாணம். புடவை. கதிர்காமம். மாமி வீடு. புடவை. காணி அலுவல். செத்தவீடு. புடவை. "சுற்றுலா" என்று ஒன்றே ஒன்று, அதுவும் கோயம்புத்தூரிலிருந்து வந்த தேனிலவு ஜோடி. கடைசிப் பதிவு 2020 மார்ச் 17. அதற்கு அடுத்த வரி 2021 டிசம்பர். நடுவில் நான் ஒரு கோடு கூடப் போடவில்லை, ஒரே பக்கத்தில் இரண்டு வரிகளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

இப்போதைய பக்கங்களில் அந்த நிரல் முழுக்க "சுற்றுலா, சுற்றுலா, சுற்றுலா". பெங்களூர், ஹைதராபாத், மும்பை. செயலியில் பதிந்து ஒரு இரவு தங்கி, விடிய எல்லவுக்கோ பெந்தோட்டைக்கோ போய்விடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பழைய ஆட்கள் ஐந்து நாள், ஒரு கிழமை என்று நிற்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? இது கொவிட் செய்த வேலையா, 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியா, அல்லது எங்களுக்கு வயது போய்விட்டதா?

மாடிப்படிக்குக் கீழே ஒரு நீலப் பெட்டி இன்னும் கிடக்கிறது. மார்ச் 17க்கு வந்த சென்னை மண்ணடிக்காரர் அடுத்த கிழமை வந்து எடுக்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனது.

வான்சாரதி வத்தளை | பெப்ரவரி 8, இரவு 10.15

அண்ணை, உங்களுக்கு 2020 மார்ச்சில்தான் தொடங்கியது. எங்களுக்கு 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று நான் சிகிரியாவில் ஏழு சென்னை ஆட்களோடு நின்றேன். 2018 மே மாதம் நாட்டுக்கு ஒரு இலட்சத்து 29 ஆயிரம் பேர் வந்தார்கள், 2019 மே மாதம் 37 ஆயிரம்தான். அந்த வருஷக் கடைசியில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சு மூன்று மாதம் நிற்கவில்லை.

வானை 2018இல் லீசிங்கில் எடுத்தேன். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

புள்ளிவிபரப் பித்தன் | பெப்ரவரி 8, இரவு 11.02

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் மாதாந்த அறிக்கைகளை நான் கோப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறேன் (சிரிக்க வேண்டாம், தபால்தலை சேர்ப்பதை விட இது மலிவு).

2018 முழு வருஷம்: 23 இலட்சத்து 34 ஆயிரம் அளவில். அதில் இந்தியர் 4 இலட்சத்து 25 ஆயிரம்.
2019: 19 இலட்சத்து 14 ஆயிரம். இந்தியர் 3 இலட்சத்து 55 ஆயிரம்.
2020: 5 இலட்சத்து 8 ஆயிரம். இதுதான் ஏமாற்றுகிற எண். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றையும் கூட்டினால் 5,07,311. வருஷ மொத்தம் 5,07,704. மிச்சம் 393 பேர், அவர்கள் டிசம்பரில் வந்தவர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் சைபர். குறைந்தது என்றல்ல, சைபர்.
2021: 1 இலட்சத்து 94 ஆயிரம். இந்தியர் 56 ஆயிரம்.
2022: 7 இலட்சத்து 20 ஆயிரம். இந்தியர் 1 இலட்சத்து 23 ஆயிரம்.
2023: 14 இலட்சத்து 87 ஆயிரம். இந்தியர் 3 இலட்சத்து 3 ஆயிரம்.
2024: 20 இலட்சத்து 53 ஆயிரம். இந்தியர் 4 இலட்சத்து 17 ஆயிரம்.

லொட்ஜ்கார அண்ணை, கணக்கின்படி உங்கள் இந்தியர் ஏறத்தாழ முழுப்பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். 2018இல் நூற்றுக்கு 18 பேர் இந்தியர், 2024இல் நூற்றுக்கு 20 பேர். எனவே தம்பி சொல்வது பிழை, நீங்கள் சொல்வதுதான் சரி. பக்கத்து நாடு எப்போதும் முதலில் திரும்பும். 2021ஐப் பாருங்கள், உலகமே பூட்டிக் கிடந்த வருஷம், இந்தியரின் பங்கு நூற்றுக்கு 29. பாட்டி வீடு பக்கத்தில் இருந்தால் மழையிலும் போகலாம்.

டிக்கட் அக்கா | பெப்ரவரி 9, காலை 7.20

பித்தன் தம்பி, உங்கள் கோப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் 2021ஐ வைத்து "பக்கம் என்றால் முதலில் வரும்" என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். கொள்ளுப்பிட்டியில் பதினாறு வருஷமாக டிக்கட் போடுகிறேன். 2020, 2021 இரண்டு வருஷமும் என் மேசையில் நடந்தது நேர் எதிரானது.

பக்கத்து நாட்டுப் பயணத்தின் அழகே அது சின்னது என்பதுதான். சென்னைக்கு ஆகாயத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய், தி. நகரில் புடவை எடுத்து, ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். மலிவு, குறுகிய காலம், யோசிக்கத் தேவையில்லாதது. அதற்கு முன்னால் இரண்டு பிசிஆர் பரிசோதனை, ஒரு காப்புறுதி, பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் என்று வைத்துப் பாருங்கள். மூன்று நாள் பயணத்துக்குப் பதினான்கு நாள் வரி! ஜெர்மனியிலிருந்து மூன்று கிழமைக்கு வருகிறவருக்குப் பிசிஆர் காசு மொத்தச் செலவில் ஒரு துளி. திருச்சியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வருகிற ஐந்து பேர் குடும்பத்துக்கு அது டிக்கட்டை விட அதிகம். அதனால்தான் கட்டுப்பாடு இருந்தவரை கிட்ட இருந்தவர்கள் வரவில்லை, எட்ட இருந்தவர்கள்தான் வந்தார்கள். 2020 டிசம்பர் கடைசியில் யார் வந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? உக்ரைன்காரர்கள், மத்தளை விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஒன்றேகால் மணித்தியாலத் தூரத்தில் இருந்த ஆளுக்கு வழியில்லை.

2021இன் 1 இலட்சத்து 94 ஆயிரத்தில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் எவ்வளவு என்று உங்கள் கோப்பில் பாருங்கள் தம்பி.

புள்ளிவிபரப் பித்தன் | பெப்ரவரி 9, காலை 8.05

பார்த்தேன். நவம்பர் 44 ஆயிரம், டிசம்பர் 89 ஆயிரத்து 500. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த இரண்டு மாதத்தில்.

சரி அக்கா, வாபஸ் வாங்குகிறேன். பாதி வாபஸ்.

டிக்கட் அக்கா | பெப்ரவரி 9, காலை 8.31

பாதி போதும். இரண்டு தடுப்பூசியும் போட்டவர்களுக்கு ஒக்டோபர் அளவில் தனிமைப்படுத்தல் தளர்ந்தது, அதற்குப் பிறகுதான் இந்தியர் வந்தார்கள். அதுவரை கதவு திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. 2021 ஏப்ரலில் இந்தியாவோடு விமானக் குமிழி உடன்பாடு வந்தது, அதாவது இரண்டு நாடும் தங்களுக்குள் மட்டும் விமானம் விடுகிற ஏற்பாடு. எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன், ஆறு குடும்பம் பதிந்தது. மே 6ஆம் தேதி இந்தியாவிலிருந்து வருகிற பயணிகளுக்குத் தடை. அங்கே டெல்டா அலை உச்சத்தில் நின்ற நேரம், தடையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு குடும்பத்துக்கும் விமான நிறுவனம் காசைத் திருப்பித் தரவில்லை, வவுச்சர் தந்தது. அந்த வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள்.

இன்னொன்று. எல்லாரும் இங்கே வருகிறவர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். இங்கிருந்து போகிறவர்கள்? 2019இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போனவர்கள் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அங்கிருந்து வந்தவர்கள் 3 இலட்சத்து 55 ஆயிரம். கிட்டத்தட்டச் சமம்! சனத்தொகையைப் பாருங்கள், இரண்டு கோடிக்கும் நூற்று முப்பது கோடிக்கும் நடுவில் இது எவ்வளவு பெரிய போக்கு. புத்தகயா, திருப்பதி, வேளாங்கண்ணி, சென்னை ஆஸ்பத்திரிகள். 2020 மார்ச்சில் இந்தியா சுற்றுலா விசாக்களை நிறுத்தியது, சாதாரண விமானத்தில் போகிறவர்களுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 15. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் சென்னையில் கண் சத்திரசிகிச்சை செய்து, ஆறு மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர். 2020 மே மாதம் போக வேண்டியது. தேதி போட்ட சீட்டை ஒவ்வொரு மாதமும் கொண்டு வந்து "பிள்ளை, பிளேன் விட்டாச்சா?" என்று கேட்பார். கடைசியில் கொழும்பிலேயே காட்டினார். இப்போது பிளேன் இருக்கிறது, ஆனால் அவர் சென்னைக்குப் போவதில்லை. இங்கேயே டொக்டர் பழகிவிட்டார்.

வான்சாரதி வத்தளை | பெப்ரவரி 9, காலை 9.10

அக்கா சொல்கிறது விமானக் குமிழி, நான் இருந்தது தரையில் வேறொரு குமிழிக்குள். 2021 ஜனவரி 21 நாடு திறந்ததும், சான்றிதழ் பெற்ற ஹோட்டலில் மட்டும் தங்கலாம், அனுமதித்த இடங்களுக்கு மட்டும் போகலாம், நடுவில் கடையில் நிறுத்தக் கூடாது என்று சட்டம். சாரதியும் பயணிகளோடு குமிழிக்குள். ஒரு தரம் கஸகஸ்தான் ஆட்களோடு பதினொரு நாள். பின்னவலைக்குப் போகிற வழியில் அவர்களில் ஒரு அம்மா ரோட்டோரக் கடையில் செவ்விளநீர் வேண்டும் என்று கையைக் காட்டுகிறார். நிறுத்த முடியாது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டினேன். இளநீர்க்காரனும் என்னைப் பார்த்தான், எனக்குத் தெரிந்தவன்.

அதற்கு முதல் ஊரடங்கு நேரத்தில் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மரக்கறி ஏற்றினேன். அனுமதிப் பத்திரம் எடுத்து வீடு வீடாக. வானுக்குள் லீக்ஸ் மணம் போக ஆறு மாதம் எடுத்தது.

லங்கா பொடியன் 94 | பெப்ரவரி 9, காலை 9.26

லீக்ஸ் மணம் 😂😂

மாலேயில் ஒருவன் | பெப்ரவரி 9, பகல் 12.48

நான் மட்டக்களப்பு, ஒன்பது வருஷமாக மாலைத்தீவில் ஒரு ரிசோர்ட்டில் கணக்குப் பிரிவு. சாரதி அண்ணை சொன்ன குமிழிக் கதையை வாசித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் இங்கே அது தேவைப்படவே இல்லை. ஒரு தீவு, ஒரு ரிசோர்ட். தீவே குமிழி. 2020 ஜூலை 15 எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், தனிமைப்படுத்தல் இல்லாமல். ஆகஸ்டில் இந்தியாவோடு விமானக் குமிழி. இலங்கைக்கு அது வந்தது அடுத்த வருஷம் ஏப்ரலில் என்று அக்கா சொல்கிறார். எட்டு மாதம் வித்தியாசம்.

2019இல் இங்கே முதலிடம் சீனா, 2 இலட்சத்து 84 ஆயிரம். இந்தியா 1 இலட்சத்து 66 ஆயிரம். 2021இல் சீனர் சில ஆயிரம், ஏனென்றால் அவர்கள் நாடு 2023 ஜனவரி வரை பூட்டியிருந்தது. இந்தியர் 2 இலட்சத்து 92 ஆயிரம். ஒரு பெருந்தொற்றுக்குள் நின்றுகொண்டு இந்தியர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது! எங்கள் காலை உணவு மேசையில் முதல் முறையாக இட்லி வந்தது அந்த வருஷம்தான். சாம்பார் வைத்தது மாத்தளைப் பொடியன் ஒருவன், நன்றாகவே வைப்பான்.

பாலிக்கும் தாய்லாந்துக்கும் போக முடியாதவர்கள் இங்கே வந்தார்கள், அவ்வளவுதான். கதவு திறந்திருந்த இடத்துக்குச் சனம் போனது. அதை அன்பு என்று எங்கள் முகாமையாளர் நினைத்தார். 2024 ஜனவரியில் மாலைத்தீவுக்கும் இந்தியாவுக்கும் டுவிட்டரில் அரசியல் சண்டை வந்தது, எல்லாருக்கும் தெரியும். 2023இல் 2 இலட்சத்து 9 ஆயிரமாக இருந்த இந்தியர் 2024இல் 1 இலட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டார்கள். சீனா மறுபடி முதலிடம்.

லொட்ஜ்கார அண்ணா, உங்கள் பழைய ஆட்கள் அப்படிப் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். மாமி வீட்டுக்கு வருகிறவன் டுவிட்டர் சண்டையைப் பார்த்து மாமியை மாற்ற முடியாதே.

வெள்ளவத்தை லொட்ஜ்காரன் | பெப்ரவரி 9, பிற்பகல் 2.15

மாலேத் தம்பி, அதுதான் என் கேள்வியும். மாமி இன்னும் இங்கேதான் இருக்கிறா. மருமகன் எங்கே?

குறுக்குத்தெரு | பெப்ரவரி 9, மாலை 6.30

கடை பூட்டிவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். புறக்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் புடவைக் கடை. தம்பி, உங்கள் புத்தகத்தில் "புடவை" என்று எழுதியிருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அரைவாசிப் பேர் என் கடைக்குத்தான் வந்தார்கள்.

அவர்களைக் குருவி என்று நாங்கள் சொல்வோம். சென்னையில் ஏறும்போது பெட்டி நிறையச் சேலை, சுடிதார், கவரிங் நகை. திரும்பும்போது கிராம்பு, தேயிலை, சவர்க்காரம். விமான நிறுவனம் தருகிற கிலோவை ஒரு கிராம் கூட வீணாக்க மாட்டார்கள். காலில் போட்டிருக்கிற செருப்பு கூடச் சில நேரம் விற்பனைக்கு. எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருவார்கள், எனவே பித்தன் தம்பியின் கோப்பில் அவர்களும் சுற்றுலாப் பயணிகள். சிகிரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட அவர்களுக்குத் தெரியாது.

2020இல் அது ஒரே நாளில் நின்றது. நின்ற பிறகு நாங்கள் சும்மா இருக்க முடியுமா? சூரத்திலும் ஈரோட்டிலும் இருந்து நேரே வட்ஸப்பில் படம் வாங்கினோம், நாலு கடை சேர்ந்து கொள்கலனில் எடுத்தோம். முதல் தடவை பயமாக இருந்தது, துணியைத் தொட்டுப் பார்க்காமல் காசு அனுப்புவதா என்று. அந்த முதல் சரக்கில் ஒரு கட்டு முழுக்கச் சாயம் போனது, அது வேறு கதை. ஆனால் பழகிவிட்டோம். பிறகு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது குருவிக்கு இரண்டு பக்கமும் கட்டவில்லை. இப்போது வழி திறந்திருக்கிறது, பத்துப் பேரில் மூன்று பேர் வருகிறார்கள். மற்றவர்களில் ஒருவர் மண்ணடியில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் படம் அனுப்பினார், மெலிந்துவிட்டார்.

நோய் போய்விட்டது, ஆனால் அந்த ஆள் இல்லாமல் வேலையை நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டோம். கண் காட்டிய அம்மாவுக்கு நடந்ததும் இதுதான்.

நேர்மை | பெப்ரவரி 9, மாலை 7.02

குருவி என்ற பெயரில் தங்கம் கடத்தினவர்களுக்கு இங்கே இரங்கற்பா பாடுகிறீர்களா? சுங்கத்துக்கு எவ்வளவு நட்டம்?

குறுக்குத்தெரு | பெப்ரவரி 9, மாலை 7.10

தங்கம் கொண்டு வந்தவன் லொட்ஜில் தங்க மாட்டான் தம்பி, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்குவான்.

மட்டுறுத்துநர் | பெப்ரவரி 9, மாலை 7.25

தங்கப் பேச்சு இத்தோடு போதும். இழையின் தலைப்புக்கு வாருங்கள்.

ஹட்டன் பிள்ளை | பெப்ரவரி 9, இரவு 9.55

தலைப்புக்கே வருகிறேன், ஆனால் நூறு வருஷம் பின்னால் போய். நான் தெஹிவளையில் வேலை, ஊர் ஹட்டன் பக்கம்.

"பக்கத்து நாட்டுப் பயணியைத் தனிமைப்படுத்தல்" என்றதும் எல்லாரும் 2020 என்று நினைக்கிறீர்கள். எங்கள் மலையகத் தோட்ட ஆட்களுக்கு அது இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம் என்ற ஊர். பிளேக்கும் காலராவும் இலங்கைக்குள் வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசாங்கமே இந்தியக் கரையில் மண்டபத்தில் முகாம் வைத்து நடத்தியது. தோட்டத்துக்கு ஆள் எடுத்தால் அங்கே நாள்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பல். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது, கொழும்பு வரை ரயிலோடு இணைத்து. அந்தப் பாதை 1964 புயலில் தனுஷ்கோடியோடு போனது. என் பாட்டிக்கு அவருடைய அம்மா சொன்ன கதை: முகாமில் உடுப்பை எல்லாம் அவித்துக் கொடுப்பார்களாம், சீலையின் கரைச்சாயம் கலங்கி வேறு நிறமாகிவிடுமாம். கல்யாணச் சீலை. "கோரண்டி" என்பார் பாட்டி. குவாரண்டைன் என்ற சொல்லை 2020இல் டிவியில் கேட்டபோது அவருக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போதும் ஆள் போக்குவரத்தை நிறுத்தவில்லை, தேயிலைக்கு ஆள் வேண்டுமே. வடிகட்டினார்கள். 2021இலும் வடிகட்டல்தான்: சான்றிதழ் ஹோட்டலுக்குக் காசு கொடுக்கக் கூடியவர் உள்ளே, ஒன்பது அறை லொட்ஜில் தங்குகிறவர் வெளியே.

டிக்கட் அக்கா | பெப்ரவரி 9, இரவு 10.20

ஹட்டன் பிள்ளை, அந்தச் சீலைக் கதையை இனி மறக்க முடியாது.

கப்பல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 ஜூன் முதலாம் தேதி கொழும்புத் துறைமுகத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் போனது. இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா, இங்கே சிக்கியிருந்த இந்தியர் சுமார் 700 பேரோடு. அதில் என் வாடிக்கையாளர்கள் நாலு பேர். 2011இல் சில மாதம் ஓடி நின்ற கொழும்பு – தூத்துக்குடிப் பயணிகள் கப்பலுக்கும் நான்தான் டிக்கட் போட்டேன். அந்தப் பாதையில் மறுபடி சனம் போவதற்கு ஒரு கிருமி வர வேண்டியிருந்தது.

நாகைத் தம்பி | பெப்ரவரி 10, காலை 6.40

வணக்கம், நாகப்பட்டினத்திலிருந்து. ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. லொட்ஜ் அண்ணனின் "மருமகன் எங்கே" என்ற கேள்விக்கு நான் ஒரு மருமகன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் சித்தி வீடு வெள்ளவத்தையில்தான்.

2019 வரை எங்களுக்கு இலங்கை என்றால் கொழும்புதான். திருச்சி போய், விமானம் ஏறி, கட்டுநாயக்கவில் இறங்கி, சித்தி வீட்டில் இடம் பத்தாததால் பக்கத்து லொட்ஜில் ரெண்டு அறை (உங்களுடையதாகக் கூட இருக்கலாம், மாடியில் ஒரு செவ்வரத்தைத் தொட்டி இருக்குமா?). நல்லூருக்குப் போவதென்றாலும் கொழும்பில் இரண்டு நாள் நின்றுதான் போவோம்.

இப்போது பாருங்கள். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஆரம்பித்தது. நாலு மாதத்தில் கொரோனா, நின்றுவிட்டது. 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2023 அக்டோபரில் எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. போன செப்டம்பரில் அதில்தான் வந்தேன். காலையில் ஏறினால் மதியம் இலங்கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கில் புளியோதரையும், மடியில் பேத்திக்கு ஒரு பட்டுப்பாவாடையும் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள். நல்லூர், கீரிமலை, நயினாதீவு. கொழும்புக்கு வரவே இல்லை. சித்தி ரயிலேறி யாழ்ப்பாணம் வந்து எங்களைப் பார்த்தார்!

ஆள் குறையவில்லை அண்ணா. வாசல் மாறிவிட்டது.

வெள்ளவத்தை லொட்ஜ்காரன் | பெப்ரவரி 10, காலை 7.15

செவ்வரத்தைத் தொட்டி இருக்கிறது.

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நான் அதை யோசிக்கவே இல்லை. கொவிட் என்று ஒரு பெரிய மரம் விழுந்து ரோட்டை மறித்தது, மரத்தை எடுத்தால் பழைய ரோட்டில் சனம் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் வேறு ஒழுங்கை போட்டுவிட்டார்கள்.

புள்ளிவிபரப் பித்தன் | பெப்ரவரி 10, காலை 8.00

வருகிறவர்கள் யார் என்பதும் மாறியிருக்கிறது. 2023 கடைசியில் இந்தியா உட்பட ஏழு நாட்டுக்கு இலவச விசா, 2024 பெப்ரவரியில் யுபிஐ, அதாவது இந்தியர் கைபேசியிலேயே காசு கட்டுகிற முறை. 2019இல் இந்திய ரூபா ஒன்றுக்கு இரண்டரை இலங்கை ரூபா, 2022இல் நாலரை வரை போனது, இப்போது மூன்றரை அளவில். அதாவது பெங்களூர் பிள்ளைக்கு இலங்கை மலிவானது, லொட்ஜ்கார அண்ணைக்குச் சென்னை விலை கூடியது. இரண்டு பக்கமும் சமமாக இருந்த போக்கு என்று அக்கா சொன்னது இனி அப்படி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மேலே நான் "முழுப்பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்" என்று எழுதியதையும் திருத்துகிறேன். தொகை திரும்பியது. அதே ஆட்கள் அல்ல.

மிச்சப் பாதியும் வாபஸ், அக்கா.

டிக்கட் அக்கா | பெப்ரவரி 10, காலை 8.12

பற்றுச்சீட்டு அனுப்பட்டுமா?

மாலேயில் ஒருவன் | பெப்ரவரி 10, பகல் 1.30

லொட்ஜ்கார அண்ணா, என்ன முடிவு? ஹொஸ்டலா, இல்லையா? ஹொஸ்டலுக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கதவு திறந்த பக்கம் போகிற ஆட்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை லொட்ஜ்காரன் | பெப்ரவரி 11, இரவு 9.05

நேற்று இரவு தம்பியோடு வீடியோவில் ஒன்றரை மணித்தியாலம். இந்த இழையையும் அனுப்பினேன், லீக்ஸ் மணத்துக்கு அவனும் சிரித்தான். கீழ்த்தளத்து நாலு அறையும் இருந்தபடி இருக்கும், அதில் இரண்டுக்குச் சின்னக் குசினி வைத்துத் தருவது என்று முடிவு. கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வருகிறவர்கள் வெளிச்சாப்பாடு சாப்பிட்டு ஒரு கிழமை நிற்க மாட்டார்கள். மேல் ஐந்தில் மூன்றை உடைத்து மாடிக்கட்டில். அப்பாவின் "வந்த நோக்கம்" நிரலை எடுத்துவிடலாம் என்றான், நான் விடவில்லை.

நீலப் பெட்டிக்காரருக்கும் பேசினேன், குறுக்குத்தெரு ஐயா இலக்கம் தந்தார். பிரியாணிக் கடைக்காரரும் அவரும் ஒரே ஆள்தான்! பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். பன்னிரண்டு நைட்டி, பூச்சி அரித்த இரண்டு சேலை, ஒரு கட்டு ஸ்டிக்கர் பொட்டு. நைட்டிகளை மனைவி எடுத்துக்கொண்டா, காசு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு "பிரியாணி சாப்பிட வாங்க, கழித்துக்கொள்கிறேன்" என்றார்.

வான்சாரதி வத்தளை | பெப்ரவரி 11, இரவு 9.22

அண்ணை, ஒன்று கேட்க மறந்தேன். ஹொஸ்டல் வைக்கிறவர்கள் சாரதியை மறந்துவிடுகிறார்கள். பயணிக்கு மாடிக்கட்டில், எங்களுக்கு வான் ஆசனம். உங்கள் இடத்தில் சாரதிக்கு ஒரு கட்டில் உண்டா?

வெள்ளவத்தை லொட்ஜ்காரன் | பெப்ரவரி 11, இரவு 9.30

மாடிப்படிக்குக் கீழே இப்போது இடம் காலி. கட்டில் போட்டுத் தருகிறேன், மின்விசிறியும் உண்டு. நுளம்புவலை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கோ.